மாஸ்க் உரசி வந்த புண்ணில் கிருமி ஏறினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு நர்ஸ். வேலை நாளில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் முகத்தில் என்95 மாஸ்க் இருக்கும். மூக்குத் தண்டில் வந்த ஒரு சின்ன உரசல் புண், இரண்டே நாளில் கண் இமை வரைக்கும் வீக்கத்தைக் கொண்டுபோய் விட்டது. அதற்கப்புறம் கூட வேலை பார்ப்பவர்கள், அவர்கள் வீட்டார், நோயாளிகள் என்று பலரும் இதைப் பற்றியே கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். அவசரத்தில் படிப்பவர்கள் "எப்போது ஓட வேண்டும்" என்ற கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள்.

மாஸ்க் போட்டால் முகம் சிவப்பதும் அரிப்பதும் எல்லோருக்கும் வருவதுதானே?

ஆமாம், வருவதுதான். 2020-ல் சீனாவின் ஹூபேய் மாகாணத்தில் கொரோனா நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட 542 மருத்துவப் பணியாளர்களிடம் விசாரித்ததில், 97 சதவீதம் பேருக்கு மாஸ்க், கண்ணாடி, கையுறை போன்றவற்றால் தோலில் ஏதோ ஒரு பாதிப்பு இருந்தது. அதிகம் அடிபட்ட இடம் மூக்குத் தண்டு. அதற்கு முன்பு, 2003-ல் சார்ஸ் பரவிய சமயத்தில், சிங்கப்பூரில் என்95 போட்ட பணியாளர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் பரு, அரிப்பு, தடிப்பு என்று ஏதாவது ஒன்று வந்திருந்தது. இவ்வளவு பேருக்கு எரிச்சல் வந்தாலும், அது பெரிய பாக்டீரியா தொற்றாக மாறுவது அபூர்வம். அபூர்வம் என்பதால்தான் "மாஸ்க் தழும்புதானே" என்று விட்டுவிடுகிறோம், நானும் அப்படித்தான் விட்டேன்.

வெறும் உரசல் எப்படித் தொற்றாகிறது?

தோலின் மேலடுக்கு ஒரு சுவர் மாதிரி. செத்த செல்கள் செங்கல், நடுவில் உள்ள கொழுப்பு பூச்சு. அதோடு தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மையோடு இருக்கும், ஐந்தை ஒட்டிய பிஹெச் அளவு. பல கெட்ட கிருமிகளுக்கு இது ஒத்துவராது. மாஸ்க்குக்குள் மூச்சும் வியர்வையும் சேர்ந்து புழுங்கும்போது அந்தச் சுவர் ஊறி இளகுகிறது, அமிலத்தன்மையும் குறைகிறது. ரொம்ப நேரம் தண்ணீரில் இருந்த விரல் எப்படி வெளுத்துச் சுருங்கி எளிதாகக் கிழியுமோ, அதே கதை. அந்த நிலையில் இருக்கும் தோலை மூக்குக் கம்பியும் காதுப் பட்டையும் நாள் முழுக்கத் தேய்க்கின்றன. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன.

கிருமி எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். பெரும்பாலும் நம் மூக்கிலிருந்தேதான்! ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் (சுருக்கமாக ஸ்டெஃப்) என்ற பாக்டீரியா ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்குக்குள் சும்மா குடியிருக்கிறது, அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. மூக்கைத் தொட்ட விரலால் மாஸ்க்கைச் சரிசெய்கிறோம், அதே விரலால் அரிக்கிற இடத்தைச் சொறிகிறோம். கீறல் வழியாக உள்ளே போன பிறகு அது வேறு ஆள். இன்னொன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் (சுருக்கமாக ஸ்ட்ரெப்ட்), தொண்டைப் புண்ணுக்குக் காரணமாகும் அதே வகைதான். தோலில் இறங்கினால் வேகமாகப் பரவும்.

எனக்கு இருப்பது எரிச்சலா, தொற்றா? வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் முதலில் பார்ப்பது ஒரே ஒரு விஷயம்: மாஸ்க்கைக் கழற்றி ஓர் இரவு போன பிறகு அது எந்தப் பக்கம் போகிறது? உரசல் எரிச்சல் என்றால், ஓய்வு கொடுத்தால் தணியும். காலையில் சிவப்பு மங்கியிருக்கும், விடுமுறை நாளில் இன்னும் நன்றாக இருக்கும். தொற்று என்றால் மாஸ்க் முகத்தில் இல்லாத நேரத்திலும் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். காலையில் நேற்றை விடப் பெரிதாக இருந்தால் அதை மாஸ்க் தழும்பு என்று சொல்லாதீர்கள்.

அடுத்தது வடிவம். உரசல் மாஸ்க்கின் விளிம்போடு நிற்கும், இரண்டு கன்னத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி கோடாக இருக்கும். தொற்று அந்தக் கோட்டைத் தாண்டும், பெரும்பாலும் ஒரு பக்கமாக வரும். அப்புறம் உணர்வு: எரிச்சல் அரிக்கும், காந்தும். தொற்று வலிக்கும், தொட்டால் சுடும், சில சமயம் இதயத் துடிப்போடு சேர்ந்து விண்விண்ணென்று தெறிக்கும். மஞ்சள் சீழ், தேன் காய்ந்த மாதிரி பொருக்கு, தாடைக்கு அடியிலோ காதுக்கு முன்னாலோ நெறி கட்டுதல், லேசான காய்ச்சல், குளிர் நடுக்கம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் டாக்டரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

நான் செய்யும் ஒரு வேலையையும் சொல்கிறேன். பால்பாயிண்ட் பேனாவால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மணியையும் எழுதி, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முகத்தில் கோடு போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருந்தால் படம் மட்டுமாவது எடுங்கள், ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில். ஆறு மணி நேரம் கழித்து சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் இனி யாரிடமும் அபிப்பிராயம் கேட்கத் தேவையில்லை, கிளம்ப வேண்டியதுதான்.

என் தோல் கறுப்பு, சிவப்பு எங்கே தெரியப்போகிறது?

இது மிக முக்கியமான கேள்வி, புத்தகப் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோலைத்தான் காட்டுகிறார்கள். மாநிறத்திலும் கறுப்பிலும் தொற்று ஏறிய இடம் சிவப்பாகத் தெரியாமல், சுற்றியிருக்கும் தோலை விடக் கருத்தோ, ஊதா சாயலாகவோ, சில சமயம் வெறும் பளபளப்பாகவோ தெரியும். கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, விரல்களின் பின்பக்கத்தை முதலில் நல்ல கன்னத்திலும் பிறகு சந்தேகப்படும் கன்னத்திலும் வைத்துப் பாருங்கள். சூட்டில் வித்தியாசம் தெரியும். தோல் இறுகி, மயிர்க்கால் குழிகள் பெரிதாகி, ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகியிருந்தால் அது உள்ளே நீர் கோத்திருப்பதன் அடையாளம்.

எந்தெந்த மாதிரி தொற்று வரும்?

மேலோட்டமாக இருப்பது இம்பெடிகோ. மூக்கு, வாய் சுற்றி வரும் சின்னக் கொப்புளம் உடைந்து தேன் நிறப் பொருக்காகக் காயும். மயிர்க்கால்களில் மட்டும் சீழ் முத்து முத்தாக வந்தால் ஃபாலிகுலைட்டிஸ், தாடி மழிப்பவர்களுக்கு மாஸ்க்குக்கு அடியில் அதிகம் வரும். அது ஆழமாக இறங்கினால் சீழ்க்கட்டி. தோலுக்கு அடியில் பரந்து பரவுவதுதான் செல்லுலைட்டிஸ். கொஞ்சம் மேலடுக்கில், ஓரம் மேடாகத் தெளிவாகத் தெரியும்படி கன்னத்தில் படர்வதை எரிசிபெலாஸ் என்பார்கள், காய்ச்சல் பெரும்பாலும் கூடவே வரும்.

மாஸ்க்குக்கு அடியில் வருவதெல்லாம் பாக்டீரியாவாகவும் இருக்காது. உதட்டோரம் முதலில் கூசி, பிறகு கொத்தாக நீர்க் கொப்புளம் வந்தால் ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். மூக்குக் கம்பி படும் இடத்தில் மட்டும் அரிப்பு என்றால் நிக்கல் ஒவ்வாமை, காதுக்குப் பின்னால் பட்டை படும் இடத்தில் மட்டும் என்றால் ரப்பரில் சேர்க்கும் ரசாயனம். இதையெல்லாம் நாமே முடிவு செய்வதில்தான் சிக்கல், மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு.

பரு மாதிரிதான் இருக்கிறது, பிதுக்கி எடுத்துவிட்டால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். நான் செய்த தவறு இதுதான். மூக்குத் தண்டில் இருந்த பொருக்கை இரவு வேலை முடிந்து வந்து கண்ணாடி முன் நின்று நகத்தால் கிள்ளி எடுத்தேன், ஒரு சொட்டு நீர் வந்தது, துடைத்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் அந்த இடம் சுண்டைக்காய் அளவு வீங்கியிருந்தது, அதற்கு மறுநாள் இடது கண்ணைப் பாதிதான் திறக்க முடிந்தது.

மூக்குத் தண்டிலிருந்து வாயின் இரண்டு ஓரங்கள் வரை ஒரு முக்கோணம் வரைந்துகொள்ளுங்கள். அந்தப் பகுதியில் ஓடும் ரத்தம் கழுத்துப் பக்கம் இறங்குவதோடு, கண்குழி வழியாகப் பின்னால் போய், மூளைக்கு அடியில் இருக்கும் கேவர்னஸ் சைனஸ் என்ற இடத்துக்கும் சேர வழி இருக்கிறது. பிதுக்கும்போது கட்டியின் உள்சுவர் உடைந்து, கிருமி வெளியே வருவதற்குப் பதில் உள்ளே தள்ளப்படலாம். அது அந்த இடத்தில் போய் ரத்தத்தை உறைய வைத்தால் கேவர்னஸ் சைனஸ் த்ராம்போசிஸ். மிக மிக அரிது, ஆனால் ஆன்டிபயாடிக் வருவதற்கு முன்பு இது வந்தவர்கள் பிழைப்பது அபூர்வமாக இருந்தது, இன்றும் உயிரைப் பறிக்கக்கூடியது. மாஸ்க் அதிகம் உரசுவதும் இந்த முக்கோணத்தில்தான் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

எப்போது ஓட வேண்டும்?

கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

கண்ணைச் சுற்றி வீக்கம் ஏறி, கூடவே கண்ணை அசைத்தால் வலி, இரட்டையாகத் தெரிதல், பார்வை மங்கல், கண் முன்னால் துருத்துவது போன்ற தோற்றம். கடும் தலைவலியோடு காய்ச்சல், கழுத்து விறைப்பு. பார்க்க அவ்வளவு மோசமாக இல்லை, ஆனால் வலி தாங்க முடியவில்லை என்ற நிலை. தோல் ஊதாவாகவோ கறுப்பாகவோ மாறுவது, அதில் பெரிய கொப்புளங்கள், தொட்டால் மரத்துப்போயிருப்பது (இவை தசையுறையை அரிக்கும் தொற்றாக இருக்கலாம், அதற்கு மணிக்கணக்குதான் அவகாசம்).

முகத்தை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள் என்றும் சொல்வேன். மூச்சு வாங்குகிறது, நிமிடத்துக்கு 22 தடவையோ அதற்கு மேலோ. பேச்சு குழறுகிறது, ஆள் குழம்பிப்போயிருக்கிறார் அல்லது எழுப்ப எழுப்பத் தூங்குகிறார். கை கால் சில்லிட்டிருக்கிறது, சிறுநீர் போகவே இல்லை. இது செப்சிஸ், கிருமியை எதிர்க்கப்போன உடம்பு தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலை. 2017-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் செப்சிஸ் தொடர்பாக இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் மாஸ்க் புண்ணால் வந்தது என்று தேடினால் கடுகளவுகூட இருக்காது, ஆனால் எந்தச் சின்னப் புண்ணிலிருந்தும் தொடங்கக்கூடிய நோய் இது.

போன உடனே "மாஸ்க் உரசிய புண்ணிலிருந்து தொடங்கியது, இத்தனை நாளாகிறது, இத்தனை மணி நேரத்தில் இவ்வளவு பரவியிருக்கிறது" என்று சொல்லி அந்தப் போட்டோக்களைக் காட்டுங்கள். அலர்ஜியாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பப் பார்த்தாலும், தொற்றா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். என்னை முதலில் பார்த்தவர் அப்படித்தான் அனுப்பப் பார்த்தார்.

வீட்டில் ஒரு ஆயின்மென்ட் இருக்கிறது, தடவலாமா?

டியூபைத் திருப்பிப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் கலந்து வரும் க்ரீம்கள் இன்னும் குழப்பம். தடவினால் சிவப்பு மறையும், அரிப்பு நிற்கும், நமக்குச் சந்தோஷமாக இருக்கும். உள்ளே கிருமி தடுப்பார் இல்லாமல் வளரும். நாள் கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, அடுத்த உரசலில் இன்னும் எளிதாகக் கிழியும், வாயைச் சுற்றிப் பொடிப் பொடியாகத் தடிப்பும் கிளம்பும்.

டாக்டரைப் பார்க்கும் வரை மிதமான சோப்பும் தண்ணீரும் போதும், ஒற்றித் துடையுங்கள், தேய்க்காதீர்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், பற்பசை எதுவும் வேண்டாம். வீட்டில் யாருக்கோ வாங்கி மீதியான ஆன்டிபயாடிக் மாத்திரையும் வேண்டாம்.

டாக்டர் என்ன செய்வார்?

சின்ன இடத்தில் இம்பெடிகோ என்றால் மேலே தடவ முப்பிரோசின் போன்ற ஆன்டிபயாடிக் ஆயின்மென்ட் போதும். பரவியிருந்தால் மாத்திரை, செஃபாலெக்சின், ஃப்ளூக்ளாக்சசிலின் போன்றவை. பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். சீழ் சேர்ந்து கட்டியாகிவிட்டால் மாத்திரை மட்டும் போதாது, கீறி வெளியேற்ற வேண்டும், அதை அவர்கள்தான் செய்ய வேண்டும். சீழைப் பஞ்சில் தொட்டுப் பரிசோதனைக்கு அனுப்புவது மிக உதவும், ஏனென்றால் வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத எம்ஆர்எஸ்ஏ என்ற ஸ்டெஃப் வகை இருக்கிறது. மெத்திசிலின் மருந்து வந்த ஓரிரு வருடத்திலேயே, 1961-ல், அதற்கு மசியாத ஸ்டெஃப் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. மருத்துவமனையில் வேலை செய்பவர்கள், சமீபத்தில் அட்மிட் ஆகியிருந்தவர்கள் இதைச் சொல்ல வேண்டும். கண் பக்கம் வீங்கியிருந்தால் ஸ்கேன், ஊசி வழி மருந்து, அட்மிஷன் என்று போகும்.

மாத்திரை தொடங்கிய முதல் நாள் சிவப்பு கொஞ்சம் கூடினாற்போல் தெரியலாம். 48 மணி நேரம் ஆகியும் குறையத் தொடங்கவில்லை, அல்லது நடுவில் காய்ச்சல் ஏறுகிறது என்றால் திரும்பப் போங்கள்.

இரண்டு நாளில் சரியாகிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

எத்தனை நாள் என்று சொன்னார்களோ அத்தனை நாள். சிக்கலில்லாத செல்லுலைட்டிஸுக்கு ஐந்து நாள்கூடப் போதும் என்பதுதான் இப்போதைய வழக்கம், ஆக அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஆல்பர்ட் அலெக்சாண்டர் நினைவுக்கு வருவார். இங்கிலாந்தில் போலீஸ்காரராக இருந்தவர். முகத்தில் பட்ட காயத்தில் ஸ்டெஃபும் ஸ்ட்ரெப்டும் ஏறி ஒரு கண்ணையே எடுக்கும்படி ஆகிவிட்டது. 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் அவருக்குப் பெனிசிலின் கொடுத்தார்கள், அந்த மருந்தை ஊசி வழியாகப் பெற்ற முதல் நோயாளிகளில் அவர் ஒருவர். காய்ச்சல் இறங்கியது, பசி எடுத்தது, தேறிவந்தார். ஆனால் கையிலிருந்த மருந்து தீர்ந்துவிட்டது. அவர் சிறுநீரில் கழிந்த பெனிசிலினைக்கூடப் பிரித்தெடுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். போதவில்லை, தொற்று திரும்பியது, மார்ச் 15 அன்று இறந்துபோனார். அன்று மருந்து இல்லாமல் நிறுத்தினார்கள். நாம் அலமாரியில் மீதி நான்கு மாத்திரையை வைத்துக்கொண்டு நிறுத்துகிறோம்.

யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்கள் முதலில். எக்ஸிமா (தோல் வறண்டு அரிக்கும் நோய்) இருப்பவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை அல்லது எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், கீமோ சிகிச்சையில் இருப்பவர்கள், வயதானவர்கள். இவர்களுக்குக் காய்ச்சல் வராமலேகூடத் தொற்று முற்றலாம். ஆகவே "காய்ச்சல் இல்லையே" என்பதை இவர்கள் விஷயத்தில் ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மற்றவர்களுக்கு ஒட்டுமா? குழந்தைக்கு வந்தால்?

செல்லுலைட்டிஸ் ஒட்டாது. இம்பெடிகோ நன்றாகவே ஒட்டும், குழந்தைகளிடம் இன்னும் வேகமாக. துண்டு, தலையணை உறை, மாஸ்க் தனித்தனியாக இருக்கட்டும், நகத்தை வெட்டிவிடுங்கள், மருந்து தொடங்கி ஒரு நாளாவது பள்ளிக்கு அனுப்பாதீர்கள். ஸ்ட்ரெப்டால் வந்த தோல் தொற்று ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து, குழந்தையின் முகம் உப்பி, சிறுநீர் கருஞ்சிவப்பாகவோ டீ நிறத்திலோ போனால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் மாஸ்க்கே ஆபத்து என்று சொல்கிறீர்களா? 1918-ல் மாஸ்க்கால்தான் நிமோனியா வந்து செத்தார்களாமே?

அது பொய். 1918 ஃப்ளூவில் இறந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பாக்டீரியா நிமோனியா இருந்தது என்பது உண்மை, 2008-ல் வெளிவந்த ஓர் ஆய்வு அதைத்தான் சொன்னது. வைரஸ் சிதைத்த நுரையீரலில் பாக்டீரியா ஏறியது. மாஸ்க்கால் வந்தது என்று அந்த ஆய்வில் எங்கும் இல்லை, ஒட்டவைத்தது பிற்பாடு பரப்பியவர்கள். காச நோய் வார்டிலும், அறுவை அரங்கிலும், கல் தூசி பறக்கும் இடத்திலும் மாஸ்க் உயிரைக் காக்கிறது. அதைப் போட முடியாதபடி முகம் புண்ணாகிவிடக் கூடாதே என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சரி, புண் வராமல் எப்படிப் போடுவது?

அளவு சரியாக இருக்கட்டும். பெரிதாக இருந்தால் அசைந்து அசைந்து உரசும், சிறிதாக இருந்தால் அழுத்தும். போடுவதற்கு அரை மணி நேரம் முன்பே, வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரை மெல்லிசாகத் தடவி ஊற விடுங்கள். என்95-க்கு அடியில் வாசலினைக் குழைத்துப் பூசினால் மாஸ்க் முகத்தோடு ஒட்டி நிற்காது, ஓரத்தில் காற்று புகும். மூக்குத் தண்டில் ஹைட்ரோகொலாய்டு பட்டை (தோலைக் காக்க ஒட்டும் ஜெல் பட்டை) ஒட்டுவதாக இருந்தால், ஒட்டிய பிறகு காற்று கசிகிறதா என்று மறுபடி சோதியுங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதுகாப்பான இடத்தில் 15 நிமிடம் கழற்றி வையுங்கள் என்று அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் சொல்கிறது. வார்டில் அது எல்லா நாளும் நடக்காது என்று எனக்குத் தெரியும், கிடைக்கிற இடைவெளியில் முகத்தை ஒற்றி உலர்த்துங்கள்.

மழிப்பவர்கள் முடி வளரும் திசையில் மழியுங்கள், பிளேடை மாற்றுங்கள். மேக்கப் வேண்டாம். துணி மாஸ்க் என்றால் தினமும் சோப்புப் போட்டு, முடிந்தால் 60 டிகிரி சூட்டில் துவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காய வையுங்கள். சோப்பு மிச்சம் இருந்தால் அதுவே எரிக்கும். ஈரமான மாஸ்க்கைப் பையில் சுருட்டி வைத்து மறுநாள் போடுவதைப் பார்த்தால் எனக்குப் பதறும். ஒருமுறை போடும் மாஸ்க்கை ஒருமுறைதான் போட வேண்டும்.

காதுக்குப் பின்னால் தினமும் ஒரு தடவை விரலை விட்டுப் பாருங்கள், அங்கே கண்ணாடியில் தெரியாது. காதுமடல் தலையோடு சேரும் மடிப்பில் நூல் மாதிரி ஒரு வெடிப்பு விழும், முடி பட்டால் சுரீர் என்கும். அது விழுந்தால் பட்டையைக் காதில் மாட்டாமல் தலைக்குப் பின்னால் கொக்கி வைத்து மாட்டுங்கள்.

புண் ஆறிய பிறகு எப்போது மறுபடி போடலாம்?

மேல்தோல் முழுசாக மூடி, தொட்டால் வலி இல்லை என்ற பிறகு. அதற்குள் வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்றால், மேற்பார்வையாளரிடம் பேசி வேறு மாடல் மாஸ்க் கேளுங்கள், பழைய இடத்தில் அழுத்தாத மாதிரி. பழைய துணி மாஸ்க்கையும், தொற்று இருந்தபோது பயன்படுத்திய மேக்கப் பிரஷ், ரேசர் பிளேடையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். எனக்கு வேலைக்குத் திரும்ப ஒன்பது நாள் ஆனது. இப்போது மூக்குத் தண்டில் ஒரு வெளிர் தழும்பு இருக்கிறது, மாஸ்க்கைப் போடும் முன்பு தினமும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன்.